ஆட்சி மாறியது, கரும்புக்கு வரும் பணம் நிற்குமா?

கேள்வி: மொரீஷியஸில் ஃபிளாக் பக்கத்தில் மூன்று அர்ப்பாங் (ஒரு அர்ப்பாங் ஏறக்குறைய ஒரு ஏக்கர்) கரும்பு இருக்கிறது. கணவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. வெட்டியபின் திரும்பத் துளிர்க்கும் கரும்புக் கட்டையும் பழசாகிவிட்டது. புது அரசாங்கம் மானியத்தை எல்லாம் எடுத்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். பிடுங்கிவிட்டுப் புதிதாக நடலாமா, அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: அம்மா, மானியம் என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் உங்கள் கணக்கில் விழும் பணம் நாலைந்து பைகளிலிருந்து வருகிறது. ஆட்சி மாறினால் எல்லாப் பையும் ஒன்றாகக் காலியாகாது.

உங்கள் கரும்பில் கிடைக்கும் சர்க்கரையில் 78 சதவீதம் உங்களுக்கு, 22 சதவீதம் ஆலைக்கு. இது சட்டப்படியான பங்கு, யாரும் இரக்கப்பட்டுக் கொடுப்பதில்லை. புயலுக்கும் வறட்சிக்கும் ஈடு தரும் சர்க்கரைக் காப்பீட்டு நிதியும் அப்படித்தான். அது 1946-இல், சுதந்திரத்துக்கு 22 வருஷம் முன்பே தொடங்கியது. எத்தனையோ ஆட்சிகளைப் பார்த்துவிட்டது. அதில் இருப்பது நம் பிரீமியம். இந்த இரண்டுக்காகவும் நீங்கள் தூக்கம் கெட வேண்டியதில்லை.

கரும்புச் சக்கைக்கு வரும் பணம் நடுவில் நிற்கிறது. சக்கையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள், அதற்கான விலையில் நமக்கும் பங்கு. பல காலம் அது சில்லறைக் காசாகத்தான் இருந்தது. 2021 பட்ஜெட்டுக்குப் பிறகுதான் சர்க்கரை டன்னுக்கு 3,300 ரூபாய் ஆனது. மின்சாரத்துக்கு எரிபொருள் வேண்டியிருக்கும் வரை இதை ஒரேயடியாக வெட்டுவது கடினம் என்பது என் கணிப்பு.

ஆட்டம் காணக்கூடியது மூன்றாவது வகை: உறுதி விலை, உரத்துக்கு உதவி, மறுநடவு உதவி. சிறு தோட்டக்காரரின் முதல் 60 டன் சர்க்கரைக்கு டன்னுக்கு 25,000 ரூபாய் என்ற உறுதி இப்படி வந்ததுதான். பட்ஜெட் உரையில் அறிவிப்பார்கள், அடுத்த ஜூனில் கூட்டலாம், குறைக்கலாம், பேசாமலும் விடலாம். 2024 நவம்பரில் நாடாளுமன்றத்தில் 60 இடங்களைப் பிடித்து வந்த அரசு, அடுத்த மாதமே கஜானா நிலைமை மோசம் என்று அறிக்கை வைத்தது. 2025 பட்ஜெட்டில் முதியோர் பென்ஷன் வயதையே 60-இலிருந்து படிப்படியாக 65-க்குக் கொண்டுபோக முடிவெடுத்தார்கள். அதில் கைவைத்தவர்கள் உரத்தில் கைவைக்க மாட்டார்கள் என்று என்னால் உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது.

அதேசமயம் நம்மை அதிகம் அடித்தது தலைநகர் போர்ட் லூயிஸில் இருக்கும் அரசு அல்ல. 2005-இல் ராம்கூலாம் பிரதமராகி, அர்வின் பூலெல் விவசாய அமைச்சராக வந்தபோதும் இதே பயம் இருந்தது. பெரிய அடி ஐரோப்பாவிலிருந்து வந்தது. 2006 முதல் சர்க்கரை விலையில் 36 சதவீத வெட்டு, 2009-இல் ஐரோப்பா நம் சர்க்கரையை உறுதி விலைக்கு வாங்கிவந்த ஒப்பந்தம் முடிவு, 2017-இல் அங்கே சர்க்கரை உற்பத்திக் கோட்டாவும் போயிற்று. 2018 அறுவடைக்கு டன்னுக்கு 9,000 ரூபாய்கூடத் தேறவில்லை. அந்த வருஷம் பலர் வெட்டுக்கூலிக்குக்கூடக் கட்டுப்படியாகாமல் நிலத்தைப் போட்டுவிட்டுப் போனதை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது.

உங்கள் கணக்குக்கு வருவோம். மூன்று அர்ப்பாங்கில் 75 டன் கரும்பு, பத்து சதவீதம் சர்க்கரை என்று வைத்தால் ஏழரை டன். உங்கள் பங்கு 5.85 டன். டன்னுக்கு 5,000 ரூபாய் குறைந்தால் 29,250 ரூபாய் போகும். சக்கைப் பணம் 19,300 ரூபாய் சுமாருக்கு வரும். உறுதி விலை இல்லை என்றே வைத்து, சந்தை விலையில் வெட்டு, ஏற்று, உரம் மூன்றையும் கழித்துப் பாருங்கள். அப்போதும் கையில் நின்றால் நடுங்கள். நிற்காவிட்டால், உதவியை நம்பிக் கடன் வாங்கி நட வேண்டாம். மறுநடவு உதவிக்கு மனுப் போட்டால், ஒப்புதல் கடிதம் கைக்கு வந்தபிறகுதான் டிராக்டரைக் கூப்பிட வேண்டும்.

முழுவதும் பிடுங்கவும் அவசரம் வேண்டாம். கூப் (கரும்பு அறுவடை) முடிந்து துளிர் வந்ததும் வரிசை வரிசையாக நடந்து பாருங்கள். பத்தடி நடந்தால் ஒரு கட்டையாவது செத்திருக்கிறதா? கல் மேட்டு ஓரத்தில் அப்படி இருக்கும், நடுவில் நன்றாக இருக்கும். அப்படியானால் இந்த வருஷம் ஒரு அர்ப்பாங் மட்டும் மாற்றுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் கேள்வியில் என்னை உறுத்தியது அதுதான். தோட்டம் இன்னும் கணவர் பெயரில்தான் பதிவாகியிருக்கிறதா? காப்பீடு, சக்கைப் பணம், எந்த உதவியானாலும் பதிவு பெற்ற தோட்டக்காரர் பெயருக்குத்தான் வரும். வாரிசுப் பத்திரம் முடியாமல், அண்ணன் தம்பி கையெழுத்து வராமல், பணம் வருஷக்கணக்கில் தேங்கிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு எந்த அரசு வந்தும் பயன் இல்லாமல் போயிற்று. நோட்டரியிடம் போய் வாரிசு விவரம் எழுதி வாங்குங்கள். பிள்ளைகள் பிரான்சிலோ இங்கிலாந்திலோ இருந்தால் அதிகாரப் பத்திரம் அனுப்பச் சொல்லுங்கள். பிறகு கரும்புத் தொழில் ஆணையத்திலும் காப்பீட்டு நிதியிலும் பெயரை மாற்றுங்கள். அடுத்த கூப் தொடங்குவது ஜூனில். அதற்குள் முடியவேண்டுமானால் இந்த வாரமே நோட்டரியிடம் நாள் கேளுங்கள், போகும்போது கணவரின் இறப்புச் சான்றிதழும் நிலப் பத்திரமும் கடைசியாக வந்த ஆலைச் சீட்டும் கையில் இருக்கட்டும்.