தட்டைக் கம்பி மாட்டினால் பேஸ் மந்தமாகிவிடுமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பேஸ் கிட்டாரில் முதன்முறையாக ஃபிளாட்வவுண்ட் (தட்டை நாடா சுற்றிய) ஸ்ட்ரிங் மாட்டியிருக்கிறேன். வீட்டில் தனியாக வாசித்தால் அமுங்கிக் கேட்கிறது. வழக்கமான ரவுண்ட்வவுண்டிலேயே (உருண்டைக் கம்பி சுற்றியது) டோன் நாபைக் குறைத்தால் இதே சத்தம் வந்துவிடாதா? இவ்வளவு விலை எதற்கு?
– திருச்சி வாசகர்

பதில்: வராது. டோன் நாப் செய்வதெல்லாம், பிக்கப்பிலிருந்து (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பாகம்) வரும் சிக்னலில் உயர் அலைவரிசைகளைக் குறைப்பது மட்டுமே. கம்பி அதிரும் விதத்தை அது தொடாது. ஃபிளாட்வவுண்டில் அந்த அதிர்வே வேறு. நடுக்கம்பியின் மேல் முதலில் உருண்டைக் கம்பி சுற்றி, அதற்கு மேல் தட்டையான உலோக நாடாவை இடைவெளியில்லாமல் சுற்றியிருப்பார்கள். கம்பி வளைந்து அதிரும்போது சுற்றுகளுக்கிடையே உராய்வு கூடுகிறது, விறைப்பும் அதிகம். அதனால் மேல் ஹார்மானிக்ஸ் (அடிப்படைச் சுருதியோடு அதற்கு மேல் ஒலிக்கும் துணைச் சுருதிகள்) சட்டென்று அடங்கி, அடிப்படைச் சுருதி மட்டும் நிற்கிறது. தொடக்கத்தில் ஒரு ‘தும்’, பிறகு வழவழப்பான கார்வை. ரவுண்ட்வவுண்டில் டோனை எவ்வளவு குறைத்தாலும் அந்த நீளமான ரீங்காரம் அடியில் ஓடிக்கொண்டேதான் இருக்கும். விரல் வழுக்கும்போது வரும் ‘கிரீச்’சும் முழுதாகப் போகாது.

தனியாக வாசித்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். டிரம்ஸ், கீபோர்டு எல்லாம் சேரும்போதுதான் ஃபிளாட்ஸின் குணம் தெரியும். அப்போதும் அமுங்கினால் ஆம்ப்பில் ட்ரெபிளை ஏற்றுவதில் பயனில்லை. கம்பியிலேயே இல்லாததை நாபால் கொண்டுவர முடியாது, இரைச்சல்தான் கூடும். 200–250 ஹெர்ட்ஸ் பகுதியைக் கொஞ்சம் குறைத்து, 700–1000 ஹெர்ட்ஸ் பகுதியைக் கொஞ்சம் ஏற்றுங்கள். ஸ்வரம் எது என்று காதுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

கேள்வி: நண்பரின் பேஸில் உள்ள ஃபிளாட்ஸ் இரும்புக் கம்பி போல விறைப்பாக இருக்கின்றன. எல்லா ஃபிளாட்வவுண்டும் இப்படித்தானா? எதை வாங்கலாம்?
– மதுரை வாசகர்

பதில்: இல்லை. ‘ஃபிளாட்ஸ் என்றாலே விரல் வலி’ என்ற பேச்சு பெரும்பாலும் கனமான செட்டை மட்டும் தொட்டுப் பார்த்தவர்களிடமிருந்து வருவது. கம்பி தட்டையா உருண்டையா என்பதைவிட இழுவிசை எவ்வளவு என்பதுதான் கைக்கு முக்கியம். பெட்டியில் உள்ள தடிமன் எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். ஒரே தடிமனில் இரண்டு கம்பெனிகளின் இழுவிசை வேறு வேறாக இருக்கும்.

தாமஸ்டிக்-இன்ஃபெல்ட் ஜாஸ் ஃபிளாட்ஸ் (43–100; மெல்லிய கம்பி முதல் தடித்த கம்பி வரை தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) மிகவும் தளர்வானது. நடு அலைவரிசை நன்றாகப் பேசும், விரல் அழுத்தினால் வளைந்து கொடுக்கும். ஆனால் ஓங்கி மீட்டுபவர் கையில் கம்பி ஃபிரெட்டில் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) அடிக்கும். டி'அடாரியோ குரோம்ஸ் இறுக்கமானது; புதிதில் ஃபிளாட்ஸ்தானா என்று சந்தேகம் வரும் அளவுக்குப் பளிச்சென்று கேட்கும். மறுகோடியில் லா பெல்லாவின் 52–110 செட். மோட்டவுன் என்ற அமெரிக்க இசை நிறுவனத்தின் பதிவுகளில் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் தன் 1962 ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் பயன்படுத்தியது இந்த வகைக் கனமான ஃபிளாட்ஸ்தான், மாற்றுவதும் அபூர்வம். அவர் பெயரைக் கேட்டு முதல் செட்டாகவே 52–110 வாங்குவது தேவையில்லாத வீரம். 45–105 அல்லது அதற்குச் சற்றுக் கீழே தொடங்குங்கள்.

புதுக் கம்பி விரலில் ஒட்டுவது போலத் தோன்றினால் கவலை வேண்டாம். சில வாரம் வாசித்தால் வழுக்கல் வந்துவிடும்.

கேள்வி: ஃபிளாட்ஸ் மாட்டியதும் கம்பி உயரமாகிவிட்டது, 12-ஆவது ஃபிரெட்டுக்கு மேல் சுருதி சேரவில்லை. ஈ கம்பியோ செத்துப்போனது போல ‘டொக்’ என்கிறது. கம்பி பழுதா?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: மூன்றுக்கும் காரணம் மாட்டிய விதத்திலும் செட்டப்பிலும் இருக்கலாம்.

தடித்த ஈ கம்பியிலிருந்து தொடங்குவோம். நுனியை வெட்டிவிட்டுப் பிறகு மடித்தீர்களா? அப்படியானால் நடுக்கம்பியின் மேல் சுற்று நழுவித் தளர்ந்திருக்கும். உருண்டை நடுக்கம்பி உள்ள செட்களில் இது நிச்சயத் தொல்லை. அந்தக் கம்பிக்கு இனி உயிர் கிடையாது. அடுத்த முறை, டியூனிங் போஸ்டை (கம்பி சுற்றும் முறுக்காணி) தாண்டி 10–12 செ.மீ. விட்டு, முதலில் செங்கோணமாக மடியுங்கள். மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். நுனியைப் போஸ்டின் நடுத்துளையில் இறக்கி, மேலிருந்து கீழாக இரண்டு மூன்று சுற்று. கம்பி முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போஸ்டில் சுற்ற வேண்டியது கம்பியின் நுனியில் நூல் சுற்றிய பகுதிதான். தட்டை நாடா அங்கே வளைந்தால் அறுந்துபோகக்கூடும். அதிரும் கம்பி நீளம் 30 அங்குலமே உள்ள ஷார்ட் ஸ்கேல் பேஸுக்கு, 34 அங்குல பேஸுக்கான கம்பி வாங்கக் கூடாது என்பது இதனால்தான். உடலின் பின்பக்கத்திலிருந்து கோக்கும் பேஸ்களிலும் அந்தக் கூரிய வளைவு ஆபத்து. பிரிட்ஜ் (உடலில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) வழியே கோக்க வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

இனி உயரம். இழுவிசை கூடியதால் நெக் முன்னோக்கி வளைந்திருக்கிறது. சுருதி சேர்த்து ஒரு நாள் விடுங்கள். பிறகு முதல் ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, நெக் உடலோடு சேரும் இடத்து ஃபிரெட்டில் அழுத்தி, 8-ஆவது ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். பைக் மெக்கானிக் டாப்பெட் பார்க்கும் ஃபீலர் கேஜே போதும். 0.3 மி.மீ. சுற்றி இருக்கட்டும். அதிகமானால் ட்ரஸ் ராடை (நெக்கினுள் அதன் வளைவைச் சரிசெய்யும் தண்டு) வலப்பக்கமாகக் கால் சுற்று திருப்பி, மீண்டும் சுருதி சேர்த்து அளங்கள். திருகு முரண்டு பிடித்தால் நிறுத்திவிட்டுப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். தளர்வான செட் போட்டவர்களுக்கு இதற்கு நேர்மாறு நடக்கும்: நெக் பின்னோக்கிப் போய் முதல் ஐந்து ஃபிரெட்டுகளில் கரகரக்கும். அவர்கள் ராடைத் தளர்த்த வேண்டும்.

நெக் சரியான பிறகே சேடில் (பிரிட்ஜில் கம்பி உட்காரும் சிறு தாங்கி). 17-ஆவது ஃபிரெட்டுக்கு மேல் கம்பியின் உயரம், ஈ கம்பிக்கு 2.4 மி.மீ., மெல்லிய ஜி கம்பிக்கு 2 மி.மீ. பொதுவான அளவு. கடைசியாக, 12-ஆவது ஃபிரெட்டின் ஹார்மானிக்கையும் (அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஒலி) அதே இடத்தில் அழுத்தி வாசிக்கும் ஸ்வரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய ஸ்வரம் ஏறியிருந்தால் சேடிலைப் பின்னுக்கு, இறங்கியிருந்தால் நெக் பக்கம் நகர்த்துங்கள். நகர்த்துமுன் கம்பியைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். தடித்த கம்பி நட் (நெக்கின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் துண்டு) பள்ளத்தில் உட்காராமல் மேலே நின்றால் எந்தத் திருகும் உதவாது, பள்ளத்தை அரத்தால் அகலப்படுத்த வேண்டும்.

கேள்வி: ராக், மெட்டலுக்கு ஃபிளாட்ஸ் உதவாதுதானே?
– கோவை வாசகர்

பதில்: அயர்ன் மெய்டன் குழுவின் ஸ்டீவ் ஹாரிஸ் வாசிப்பது ரோட்டோசவுண்ட் ஃபிளாட்வவுண்டில்தான், அதுவும் 50–110 தடிமனில். ஓங்கி மீட்டும் விரலும் இறுக்கமான கம்பியும் சேர்ந்து அந்தக் கடகடப்பைத் தருகின்றன. ஸ்லாப்புக்கு (கட்டைவிரலால் கம்பியை அடித்து வாசிப்பது) மட்டும் நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம்.

கேள்வி: பழைய கம்பியைக் கொதிநீரில் போட்டு எடுப்பார்களே, ஃபிளாட்ஸுக்கும் செய்யலாமா? பிரிட்ஜ் அருகே ஸ்பாஞ்ச் வைப்பது எதற்கு?
– சென்னை வாசகர்

பதில்: கொதிக்க வைப்பது, ரவுண்ட்வவுண்டின் பள்ளங்களில் சேர்ந்த அழுக்கையும் வியர்வையையும் எடுப்பதற்கு. ஃபிளாட்ஸில் அப்படிப்பட்ட பள்ளம் இல்லை. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்தால் வருடக்கணக்கில் வரும். கடற்கரை ஊர்களில் இந்தத் துடைப்பைத் தவறவிட்டால் துரு பிடிக்கும்.

ஸ்பாஞ்ச், கார்வையைக் குறுக்குவதற்கு. மெத்தென்ற ஸ்பாஞ்சைப் பிரிட்ஜை ஒட்டிக் கம்பிகளுக்கு அடியில் செருகுங்கள். கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், மேலே தள்ளக் கூடாது. தள்ளினால் சுருதி ஏறும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சின் பச்சைப் பக்கத்தை வெட்டி எறிந்துவிடுங்கள், அது கடினம்.