எச்-இன்டெக்ஸ் 58 பேராசிரியரா, 16 விரிவுரையாளரா?

கேள்வி: எனக்குப் பட்டர்வொர்த். முதுகலை முடித்துவிட்டேன். புற்றுநோய் எதிர்ப்பாற்றல் துறையில் பிஎச்டி செய்ய இரண்டு இடங்களில் கூப்பிடுகிறார்கள். கோலாலம்பூர் பேராசிரியருக்கு எச்-இன்டெக்ஸ் 58. இங்கே பினாங்கில் இருப்பவர் இளம் விரிவுரையாளர். வாய்ப்புற்றுநோய்க் கட்டிக்குள் நுழையும் டி-செல்கள் (எதிர்ப்பு மண்டலத்தின் வெள்ளணுக்கள்) பற்றி ஆய்வு செய்கிறார், அவருக்கு 16. "இதில் யோசிக்க என்னம்மா இருக்கு?" என்கிறார் மாமா. எனக்கோ பினாங்கில்தான் மனம். நான் தப்பாக யோசிக்கிறேனா?

பதில்: இல்லை, தங்கச்சி. ஆனால் மாமா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 58 என்றால், அவருடைய 58 கட்டுரைகள் ஒவ்வொன்றையும் குறைந்தது 58 முறை மற்றவர்கள் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பொருள். சும்மா இருப்பவருக்கு அது வராது. இந்தக் கணக்கை 2005இல் முன்வைத்த ஹிர்ஷ் ஓர் இயற்பியலாளர். துறைக்குத் துறை எண் மாறும் என்று அவரே எழுதியிருக்கிறார். இன்னொன்று, இது ஏறுமே தவிர இறங்காது. பேராசிரியர் ஆய்வுக்கூடத்துப் பக்கமே வராவிட்டாலும் பழைய கட்டுரைகள் மேற்கோள் சேர்த்துக்கொண்டே இருக்கும்.

உங்கள் துறையில் எண்ணை ஊத வைப்பவை இரண்டு. ஒன்று, பல நாடுகளில் நடக்கும் மருந்துச் சோதனைகள். நோயாளிகளைச் சேர்த்துக் கொடுத்த மருத்துவர்களின் பெயரும் ஆசிரியர் பட்டியலில் வரும். அப்படிப்பட்ட கட்டுரைகள் ஏராளமான மேற்கோள் வாங்கும், பலவற்றில் பெயர் இருந்தால் எண் ஏறிவிடும். இன்னொன்று, மற்றவர்களின் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் ரிவியூ கட்டுரை. ஹனஹான், வைன்பெர்க் இருவரும் 2000இலும் 2011இலும் புற்றுநோயின் அடையாளங்களைத் தொகுத்து எழுதினார்கள். எதிர்ப்பு மண்டலத்திடமிருந்து கட்டி தப்பிப்பது அந்தப் பட்டியலில் இடம்பெற்றது இரண்டாவது கட்டுரையில்தான். இந்தத் துறையில் அதைக் காட்டாமல் முன்னுரை எழுதுபவர்கள் குறைவு. அருமையான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் ரிவியூவுக்குச் சேரும் மேற்கோளை வைத்து ஒருவருடைய ஆய்வுக்கூடம் எப்படி நடக்கிறது என்று சொல்ல முடியாது.

வாய்ப்புற்றுநோய்க்கு வருவோம். மலேசியாவில் இது நம் இந்தியர்களிடம் அதிகம். வெற்றிலை பாக்கு, புகையிலைப் பழக்கம் முக்கியக் காரணம். நுரையீரல் புற்றுநோயையும் மெலனோமா என்ற தோல் புற்றுநோயையும் ஆராய்கிற கூட்டம் இதற்குக் கிடையாது. கூட்டமில்லாத கடையில் கல்லா மெதுவாகத்தான் நிறையும். அதனால் 16 என்பதை 58க்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே சரியில்லை. வாய்ப்புற்றுநோயும் அடங்கும் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு, டி-செல்லின் பிடி-1 என்ற புரதத்தைத் தடுக்கும் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் மருந்துகள் இரண்டுக்கும் அமெரிக்காவில் 2016இல் அனுமதி கிடைத்துவிட்டது. மருந்து வந்தும் பல நோயாளிகளுக்குக் கேட்பதில்லை. கட்டிக்குள் டி-செல்கள் என்ன செய்கின்றன என்ற கேள்வி அதனால்தான் சூடாகவே இருக்கிறது.

அந்த மருந்துகளின் கதையையும் மாமாவிடம் சொல்லுங்கள். ஜப்பானிய ஆய்வாளர் ஹோன்ஜோவின் ஆய்வுக்கூடம் பிடி-1 மரபணுவைக் கண்டது 1992இல். அது உடலில் என்ன வேலை செய்கிறது என்பது அப்போது தெளிவாகவில்லை. எலிகளில் அதை நீக்கிப் பார்த்து, எதிர்ப்பு மண்டலத்துக்கு அது ஒரு பிரேக் என்று காட்டியது 1999இல். மருந்து கடைக்கு வந்தது 2014இல்; ஹோன்ஜோவுக்கு நோபல் 2018இல், அமெரிக்க ஆய்வாளர் ஆலிசனோடு சேர்த்து. இடையில் யாராவது எண்ணை மட்டும் பார்த்து மாணவர்களைத் திசைதிருப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அப்புறம், 16 சரியான எண்தானா என்று முதலில் பாருங்கள். ஏ/எல் (இன்னாரின் மகன்), ஏ/பி (இன்னாரின் மகள்) போட்ட நம் பெயர்கள் கட்டுரைத் தரவுத்தளங்களைப் படுத்தும் பாடு இருக்கிறதே! ஒரு கட்டுரையில் அப்பா பெயர் குடும்பப் பெயராகும், அடுத்ததில் சொந்தப் பெயரே குடும்பப் பெயராகும். ஸ்கோபஸ் என்ற தரவுத்தளம் ஒரே ஆளை இரண்டு ஆளாக்கிவிடும், மேற்கோள்களும் இரண்டாகப் பிரிந்துவிடும். கூகுளின் கட்டுரைத் தேடலான கூகுள் ஸ்காலரில் எண் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். அது ஆய்வேடுகளையும் சேர்த்து எண்ணுகிறது. ஒருவருடையதை இங்கேயும் மற்றவருடையதை அங்கேயும் எடுத்து ஒப்பிட்டுவிடாதீர்கள். உங்கள் பெயருக்கு இன்றைக்கே ஓர் ஓர்சிட் எண் (ஆய்வாளருக்கான தனி அடையாள எண்) எடுத்துவிடுங்கள், காசு இல்லை.

பிறகு இருவருடைய கடைசி ஐந்து வருடக் கட்டுரைகளையும் திறந்து ஆசிரியர் வரிசையைப் பாருங்கள். இந்தத் துறையில் வேலையைச் செய்தவர் பெயர் முதலில் வரும், ஆய்வுக்கூடத் தலைவர் பெயர் கடைசியில் வரும். பேராசிரியர் கடைசியிலும் அவருடைய மாணவர் முதலிலும் இருக்கும் கட்டுரைகள் எத்தனை? முப்பது பெயருக்கு நடுவில் அவர் இருப்பவை எத்தனை? முதல் பெயராக வந்த மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? ஒரு மாலைப் பொழுது போதும்.

என்னைக் கேட்டால் பினாங்குப் பக்கம்தான் சாய்வேன். ஆனால் ஒரு நிபந்தனை: அவர் கையில் உங்கள் பிஎச்டி முடியும்வரை தாங்கும் மானியம் இருக்க வேண்டும். இளையவர்களிடம் ஆர்வம் நிறைய இருக்கும், சோதனைக்கு வேண்டிய ஆன்டிபாடி வாங்கத்தான் காசிருக்காது. கூச்சப்படாமல் கேளுங்கள். பட்டம் வாங்குமுன் கட்டுரை வெளியாக வேண்டும் என்ற விதி உண்டா என்றும் இரு பல்கலைக்கழகங்களிலும் விசாரியுங்கள்.

முடிவெடுக்குமுன் இரு ஆய்வுக்கூடங்களிலும் இப்போது படிக்கும் ஒரு மாணவரை, பேராசிரியர் பக்கத்தில் இல்லாதபோது, தே தாரிக் குடிக்கக் கூப்பிடுங்கள். செல்களை வகை பிரித்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டருக்கு முறை கிடைக்க எத்தனை நாள் ஆகிறது, நோயாளிகளின் திசு மாதிரி ஒழுங்காக வருகிறதா, எழுதிக் கொடுத்த வரைவு மேசையில் எத்தனை மாதம் தூங்குகிறது? இந்த மூன்றையும் கேட்டுவிட்டு மாமாவிடம் போங்கள்.