சனியா, ஞாயிறா? ஓய்வுநாள் பற்றி வாசகர் கேள்விகள்

ஓய்வுநாளை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றியது ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன்தான் என்று ஒரு துண்டுப்பிரதியில் படித்தேன். அப்படியானால் சபை இத்தனை நூற்றாண்டுகளாக ஏமாந்திருக்கிறதா?
– வாசகர், பாளையங்கோட்டை

இல்லை. கான்ஸ்டன்டைன் கி.பி. 321 மார்ச் 7-ல் சட்டம் போட்டது உண்மைதான். ஆனால் அது ஆராதனை நாளை மாற்றிய சட்டம் அல்ல, வேலைக்கு விடுமுறை விட்ட சட்டம். நீதிபதிகளும் நகரவாசிகளும் கைத்தொழில் செய்பவர்களும் சூரியனுக்குரிய நாளில் ஓய்ந்திருக்க வேண்டும் என்றது. விவசாயிகளுக்கு விலக்கு கொடுத்தது. விதைப்புக்கும் திராட்சை நடவுக்கும் வாய்த்த நாள் கைநழுவிப் போய்விடக் கூடாதே! அந்தச் சட்டத்தில் கிறிஸ்துவின் பெயரும் இல்லை, ஓய்வுநாளை ஆசரிக்கச் சொல்லும் நான்காம் கற்பனையும் இல்லை.

ஞாயிறு கூடுகை அதற்கு நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பே எழுத்தில் இருக்கிறது. ரோமில் இருந்த கிறிஸ்தவ ஆசிரியர் ஜஸ்டின், கி.பி. 155 வாக்கில் பேரரசனுக்கு எழுதிய விண்ணப்பத்தில் அந்த நாளின் ஒழுங்கை அப்படியே விவரிக்கிறார். நகரத்தாரும் கிராமத்தாரும் ஓரிடத்தில் கூடுகிறார்கள். அப்போஸ்தலரின் நினைவுக் குறிப்புகளோ தீர்க்கதரிசிகளின் எழுத்துகளோ நேரம் இருக்கும்வரை வாசிக்கப்படுகின்றன. தலைவர் புத்தி சொல்கிறார், எல்லாரும் எழுந்து நின்று ஜெபிக்கிறார்கள். பிறகு அப்பமும், தண்ணீர் கலந்த திராட்சரசமும் கொண்டுவரப்படுகின்றன. வராதவர்களுக்கு உதவிக்காரர்கள் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையிலிருப்பவர்களுக்கும் போகிறது. ஏன் ஞாயிறு? இரண்டு காரணம் சொல்கிறார்: தேவன் இருளை மாற்றி உலகைப் படைத்த முதல் நாள் அது, இயேசு உயிர்த்தெழுந்த நாளும் அதுவே.

அந்த விவரிப்பில் 'அன்று வேலை செய்யக் கூடாது' என்று ஒரு வரிகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். அன்றைய ரோமில் ஞாயிறு வேலை நாள். 112 வாக்கில் பிளினி என்ற ஆளுநர் பேரரசன் டிராஜனுக்கு எழுதிய கடிதத்திலும், கிறிஸ்தவர்கள் குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடுகிறார்கள் என்றே இருக்கிறது. 'எந்த நாளில் கூடுவது?' என்பது ஒரு கேள்வி. 'எந்த நாளில் ஓய்வது?' என்பது வேறு கேள்வி. ஆதிசபையில் ஞாயிறு முதலாவது கேள்விக்கு மட்டுமே பதில். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் இரு தரப்பிலும் பாதி வாக்குவாதம் வருகிறது.

துண்டுப்பிரதி முழுவதும் தவறு என்றும் சொல்லிவிட முடியாது. 364 வாக்கில் லவோதிக்கேயாவில் ஆயர்கள் கூடிய சங்கத்தின் 29-ஆம் விதி, கிறிஸ்தவர்கள் யூதரைப்போல் சனிக்கிழமை ஓயக் கூடாது, அன்று வேலை செய்ய வேண்டும் என்கிறது. யாரும் செய்யாத ஒன்றைத் தடைசெய்ய சங்கம் கூட வேண்டியதில்லை. ஐந்தாம் நூற்றாண்டில்கூட, ரோமும் அலெக்சாந்திரியாவும் தவிர ஏறத்தாழ எல்லாச் சபைகளும் சனிக்கிழமையிலும் திருவிருந்து ஆசரிப்பதாக சபை வரலாற்றாசிரியர் சாக்ரடீஸ் எழுதுகிறார். சனிக்கிழமை ஒரே கட்டளையில் மறைந்துபோகவில்லை.

சரி, அரசன் மாற்றவில்லை. அப்போஸ்தலர்களே ஓய்வுநாளை ஞாயிறுக்கு மாற்றினார்கள் என்று எங்கள் சபையில் போதிக்கிறார்கள். அப்போஸ்தலர் 20:7 ஆதாரம்தானே?
– வாசகி, நாகர்கோவில்

கூடுகைக்கு ஆதாரம். மாற்றத்துக்கு அல்ல. "வாரத்தின் முதல்நாளிலே, அப்பம் பிட்கும்படி சீஷர்கள் கூடிவந்திருக்கையில்" என்று வசனம் சொல்கிறது. பவுல் நடுராத்திரி வரை பிரசங்கித்தார், ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். இங்கே ஒரு சிக்கலும் உண்டு. யூத முறைப்படி சூரியன் மறையும்போது நாள் தொடங்கினால், அது நம் கணக்கில் சனிக்கிழமை இரவு. விடிந்ததும் பவுல் புறப்பட்டது ஞாயிறு காலை. ரோம முறைப்படி எண்ணினால் ஞாயிறு இரவு. லூக்கா எந்த முறையில் எண்ணினார் என்பதில் வேத அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

1 கொரிந்தியர் 16:2-ல் பவுல் கேட்பது, ஒவ்வொருவரும் வாரத்தின் முதல் நாளில் தன்னிடத்தில் எடுத்துவைக்கும் காணிக்கை. வெளிப்படுத்தல் 1:10-ல் வரும் கர்த்தருடைய நாள் ஞாயிறு என்பது இரண்டாம் நூற்றாண்டு எழுத்துகளின் வழக்கைக் கொண்டு அறிவது. அந்த வசனமே அதைச் சொல்வதில்லை. 'நான்காம் கற்பனை இனி முதல் நாளுக்கு' என்று புதிய ஏற்பாட்டில் எங்கும் இல்லை. ஞாயிறு ஆராதனையை நிலைநாட்ட உயிர்த்தெழுதல் போதும். இல்லாத ஒரு கட்டளையை வசனத்துக்குள் ஏற்றினால், சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கும் அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்த, படித்த நண்பர் ஐந்து நிமிடத்தில் அதை எடுத்துக் காட்டிவிடுவார்; அப்போது சபையாரின் நம்பிக்கைதான் ஆட்டங்காணும்.

"ஓய்வுநாட்களையும் குறித்தாவது, ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தாதிருப்பானாக" என்று கொலோசெயர் 2:16 சொன்ன பிறகு விவாதம் எதற்கு?
– வாசகர், மதுரை

அந்த 'ஓய்வுநாட்கள்' எவை என்பதே விவாதம். அவை லேவியராகமம் 23-ல் உள்ள வருடாந்தரப் பண்டிகை ஓய்வுநாட்கள், வாராந்தர ஓய்வுநாள் அல்ல என்பது அட்வென்டிஸ்டுகளில் பலர் சொல்லும் பதில். அது பலமான பதிலாகத் தெரியவில்லை. பண்டிகை, மாதப்பிறப்பு, ஓய்வுநாள் என்ற அடுக்கு வருடம், மாதம், வாரம் என இறங்கிவருகிறது. எசேக்கியேல் 45:17, ஓசியா 2:11 இரண்டிலும் இதே அடுக்கு இருக்கிறது. பண்டிகைகளை முதல் சொல்லே அடக்கிவிடுவதால், மூன்றாவது சொல்லுக்கு வாராந்தர ஓய்வுநாளே பொருந்துகிறது.

ஆனால் இந்த வசனத்தை எடுப்பவர்கள் அதன் விலையையும் கொடுக்க வேண்டும். அடுத்த வசனம் சொல்வதுபோல் ஓய்வுநாள் 'நிழல்', அதன் கட்டாயம் நீங்கிற்று என்றால், அதே கட்டாயத்தை ஞாயிற்றுக்கிழமைமேல் சுமத்தவும் முடியாது. சனிக்கிழமைக்காரரிடம் கொலோசெயரைக் காட்டிவிட்டு, ஞாயிறு கடை திறந்தவரிடம் பத்துக் கற்பனைகள் உள்ள யாத்திராகமம் 20-ஐக் காட்டுவது நேர்மையல்ல. 1640-களில் இங்கிலாந்தில் எழுந்த வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை இதை உணர்ந்தே வேறு வழியில் போனது: ஏழில் ஒரு நாள் என்பது மாறாத நீதிக் கட்டளை, எந்த நாள் என்பது மட்டும் உயிர்த்தெழுதலோடு மாறியது என்றது. ஏற்பதும் மறுப்பதும் வேறு விஷயம், அந்த வாதம் தன்னளவில் முரண்படுவதில்லை.

நாட்காட்டியைத் திருத்தியபோது கிழமை மாறிப்போய், உண்மையான ஏழாம் நாள் தொலைந்திருக்காதா?
– வாசகர், திருச்சி

தேதிதான் தாண்டியது, கிழமை தாண்டவில்லை. திருத்தம் முதலில் வந்த 1582-ல் அக்டோபர் 4 வியாழன். மறுநாள் அக்டோபர் 15, வெள்ளி. இங்கிலாந்தில் 1752 செப்டம்பர் 2 புதன். மறுநாள் 14, வியாழன். யூதர்கள் பல தேசங்களில் சிதறியிருந்தும் எல்லாரும் ஒரே சனிக்கிழமையை ஆசரிப்பதே இதற்குப் போதிய சாட்சி. திங்களில் வாரத்தைத் தொடங்கும் காலண்டர்களில் ஞாயிறு கடைசிக் கட்டத்தில் நிற்பதைப் பார்த்து அதுவே ஏழாம் நாள் என்று நினைக்கவும் வேண்டாம். அது வெறும் காலண்டர் வழக்கம்.

ஏழாம் நாள் ஆசரிப்பு அமெரிக்காவில் தோன்றிய புது உபதேசம்தானே?
– வாசகி, கோயம்புத்தூர்

அல்ல. எத்தியோப்பியாவில் எவோஸ்தாத்தேவோஸ் என்ற துறவியின் வழிவந்தவர்கள் இதற்காக நெடுங்காலம் ஒடுக்கப்பட்டு, 1450-ல் பேரரசன் சாரா யாக்கோப் கூட்டிய சங்கத்தில் சனி, ஞாயிறு இரண்டையும் ஆசரிக்கும் முடிவைப் பெற்றார்கள். லண்டனில் ஏழாம் நாள் பாப்டிஸ்டுகள் 1650-களிலேயே இருந்தார்கள். அவர்களின் அமெரிக்கச் சபை 1671-ல் நியூபோர்ட்டில் ஏழு பேரோடு தொடங்கியது. அட்வென்டிஸ்டுகளுக்கு இந்தப் போதனை வந்ததே ரேச்சல் ஓக்ஸ் என்ற ஏழாம் நாள் பாப்டிஸ்ட் பெண்மணி வழியாகத்தான், 1844 வாக்கில். அட்வென்டிஸ்ட் சபை முறையாக அமைந்தது 1863-ல்.

அதற்கு முன்பே நம் நாசரேத் பக்கத்தில், பிரகாசபுரத்தில், அருமைநாயகம் சட்டாம்பிள்ளை 1857-ல் ஐரோப்பிய மிஷனரிகளை விட்டுப் பிரிந்து தொடங்கிய இந்து கிறிஸ்தவ சபை சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரித்தது. இதை எந்த அமெரிக்கரும் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

மகன் அட்வென்டிஸ்ட் குடும்பத்தில் பெண் எடுத்திருக்கிறான். சம்பந்தி வீட்டார் வெள்ளிக்கிழமை வந்து ஞாயிறு வரை தங்குகிறார்கள். அவர்கள் மனம் நோகாமல் எப்படி நடந்துகொள்வது?
– வாசகி, தூத்துக்குடி

முதலில் நேரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அவர்களுக்கு ஓய்வுநாள் வெள்ளி சூரியன் மறையும்போது தொடங்கி சனி சூரியன் மறையும்போது முடிகிறது. லேவியராகமம் 23:32-ன் 'சாயங்காலந்தொடங்கி மறுநாள் சாயங்காலமட்டும்' என்ற கணக்கு. ஆரம்பத்தில் அவர்களே, கப்பல் தலைவராக இருந்த ஜோசப் பேட்ஸ் சொன்னபடி, மாலை 6 மணி என்று வைத்திருந்தார்கள். ஜே. என். ஆண்ட்ரூஸ் வசனங்களை ஆராய்ந்து காட்டிய பிறகு 1855-ல் சூரிய அஸ்தமனத்துக்கு மாறினார்கள். சென்னையில் அஸ்தமனம் நவம்பரில் சுமார் 5.40, ஜூலையில் சுமார் 6.40. தினசரிக் காலண்டர் தாளில் உங்கள் ஊர் நேரத்தைப் பார்த்துவிட்டு, அதற்கு அரை மணி முன்பே அடுப்படி வேலையை முடித்துவிடுங்கள்.

வெள்ளி ஆயத்தநாள். கடைக்குப் போவது, துணி துவைத்து இஸ்திரி போடுவது, வீடு கூட்டித் துடைப்பது, சனி மதியத்துக்கான சமையல் எல்லாம் அன்று பகலிலேயே முடியட்டும். புளிக்குழம்பும் பொரியலும் மறுநாள் சூடாக்கினால் போதும். சனிக்கிழமை நகைக்கடை, துணிக்கடை, சினிமா என்று அழைக்காதீர்கள். பணம், வியாபாரம், வரதட்சணைப் பேச்சையும் எடுக்காதீர்கள் (கடைசியானதை எந்தக் கிழமையிலும் எடுக்கக் கூடாது). நோயாளியைப் பார்க்கப் போகலாமா என்று கேளுங்கள், சந்தோஷமாக வருவார்கள். அவர்களின் மருத்துவமனைகள் சனிக்கிழமையும் நோயாளிகளைக் கவனிக்கின்றன. குழியில் விழுந்த ஆட்டைப் பற்றி இயேசு சொன்னது அவர்களுக்கும் தெரியும்.

தூத்துக்குடியில் பலரும் தவறும் இடம் சாப்பாடுதான். லேவியராகமம் 11-ன்படி செதிலும் சிறகும் உள்ள மீன்தான் அவர்களுக்கு ஆகும். இறால், நண்டு, கணவாய், சுறா, கெளுத்தி எதுவும் வேண்டாம். பன்றி இறைச்சியும் ஆகாது. பலர் முழுச் சைவம். காபி, டீயும் தவிர்ப்பார்கள், ஆகவே பால் வைத்திருங்கள். ஞாயிறு காலை நீங்கள் கோயிலுக்குக் கிளம்பும்போது அவர்களையும் கூப்பிடலாம், ஞாயிறு ஆராதனையில் உட்காருவது அவர்களுக்குப் பாவம் அல்ல. வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

தொங்கா தீவில் அட்வென்டிஸ்டுகளே ஞாயிறு ஆராதிக்கிறார்கள் என்கிறார்களே?
– வாசகர், யாழ்ப்பாணம்

ஆம். தொங்கா 180 பாகைத் தீர்க்கரேகைக்குக் கிழக்கே இருக்கிறது. ஆனால் நாள் மாறும் எல்லையான தேதிக் கோடு அங்கே வளைந்து, தீவை மேற்குப் பக்கத்துத் தேதியில் சேர்த்திருக்கிறது. கோடு நேராக ஓடினால் அங்குள்ள ஞாயிறு சனியாக இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. சமோவாவில் நிலைமை இன்னும் கடினம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வியாபாரத்துக்காக அந்த நாடு 2011-ல் தேதிக் கோட்டைத் தாண்டியது. டிசம்பர் 29 வியாழனுக்கு மறுநாள் 31, சனி. அந்த வாரத்துக்கு ஆறே நாள். ஏழு நாள் சுற்று அறுபடக் கூடாது என்று அங்குள்ள அட்வென்டிஸ்ட் சபை, அரசு 'ஞாயிறு' என்று பெயரிட்ட நாளில் ஆராதிக்க முடிவுசெய்தது. அதை ஏற்காத சிலர் பிரிந்து சனிக்கிழமையிலேயே நின்றார்கள். கோட்டைத் தாண்டாத அமெரிக்க சமோவா அருகிலேயே இருக்கிறது. அங்கே அதே சூரியோதயத்துக்குப் பெயர் சனிக்கிழமை.