கறுப்புத் திரையில் ‘பானிக்’ என்று வருகிறதா? மகன் கெட்டுப்போகவில்லை

திருவட்டார் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான், கணினி அறிவியல் பிரிவு. ராத்திரி ஒரு மணி வரை லேப்டாப்பில் கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்துமாக உட்கார்ந்திருக்கிறான். அடிக்கடி ‘பானிக்’ என்று ஒரு வரி வந்து எல்லாம் நின்றுபோகும். அவன் மறுபடி முதலிலிருந்து தொடங்குவான். இதற்கிடையில் மஸ்கட்டில் இருக்கும் மாமா ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் ‘ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ்’ படிப்புக்கு நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் பேசி வைத்துவிட்டார். வருஷம் ஃபீஸ் 3.5 லட்சம், ஹாஸ்டலுக்கு 1 லட்சம். ஒன்றரை ஏக்கர் ரப்பரை ஈடு வைத்தால் வங்கி கடன் தரும். “இவன் பிஎஸ்சி போதும் என்கிறான். சொந்தக்காரங்க முன்னால தலை காட்ட முடியாதுன்னு அண்ணன் சொல்றார். நான் என்ன செய்யணும்?” என்று கேட்டு, மகனின் நோட்டில் இரண்டு பக்கத்தைப் படமெடுத்தும் அனுப்பியிருக்கிறார்.

அம்மா, உங்கள் கவலை புரிகிறது. அதற்காக ஆறுதல் சொல்லி அனுப்பிவிட முடியாது. முதலில் கணக்கைப் பார்ப்போம். வருஷம் 4.5 லட்சம், நாலு வருஷத்துக்கு 18 லட்சம். வட்டி நூற்றுக்கு 10 என்று வையுங்கள். படிப்புக் காலமும் அதற்குப் பிந்திய ஒரு வருஷமும் சேர்ந்து தனிவட்டி மட்டும் 6.3 லட்சம் ஏறும். 24.3 லட்சத்தைப் பத்து வருஷத்தில் அடைக்க மாதத் தவணை சுமார் 32,000 ரூபாய். கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கி பொதுவாகச் சொத்து ஈடு கேட்கும். அதனால்தான் பேச்சு உங்கள் ரப்பரில் வந்து நிற்கிறது. மழை நாளில் பால் வெட்டு நிற்கும், இலை உதிரும் மாதங்களில் பால் குறையும். தவணை எந்த மாதமும் நிற்காது. அந்தப் படிப்பின் பெயரில் ‘ஏஐ’ இருப்பதற்காக மட்டும் இந்தச் சுமையை ஏற்றாதீர்கள். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

கலந்தாய்வில் கோணத்தில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், அதைப் பற்றி விவாதமே வேண்டாம். கிடைக்காவிட்டால் என்ன என்பதுதான் கேள்வி. அதற்கு விடை அந்த நோட்டில் இருக்கிறது.

முதல் பக்கத்தில் வரிசையாகப் பெட்டிகள், ஒவ்வொன்றிலிருந்தும் அடுத்ததற்கு ஒரு அம்புக்குறி, ஓரத்தில் 32768 என்ற எண். மகன் நோண்டிக்கொண்டிருப்பது ‘எக்ஸ்வி6’ என்ற குட்டி ஆபரேட்டிங் சிஸ்டம். அமெரிக்காவின் எம்ஐடி (நம் குரோம்பேட்டை எம்ஐடி அல்ல) மாணவர்களுக்குப் பாடம் நடத்த 2006-ல் உருவாக்கியது. 1975-ல் வந்த ஆறாம் பதிப்பு யூனிக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பின்பற்றி எழுதப்பட்டது, 2019 முதல் ரிஸ்க்-வி வகைச் சிப்புக்கு மாற்றப்பட்டது. முழுக்க இலவசம். சில ஆயிரம் வரிதான் என்பதால் ஒரு பிள்ளை தனியாக உட்கார்ந்து முழுதும் படித்துவிடலாம். விண்டோஸையோ லினக்ஸையோ அப்படிப் படிக்க முடியாது.

அவன் பிடித்திருக்கும் பகுதி மெமரியைப் பங்கிட்டுக் கொடுக்கும் நிரல். இது உங்களுக்குத் தெரிந்த வேலைதான். தோட்டத்தில் பால் பிடிக்கும் சிரட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பீர்கள். மரத்துக்கு வேண்டுமென்றால் மேலே இருப்பதை எடுப்பீர்கள். வேலை முடிந்தால் திரும்ப மேலேயே வைப்பீர்கள். எக்ஸ்வி6-ல் 128 எம்பி மெமரி, 4096 பைட் கொண்ட துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அவற்றைப் பேஜ் என்பார்கள், மொத்தம் 32768. ஆரம்பத்தில் சிலவற்றில் கெர்னலே, அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியே, குடியிருக்கும். மற்றவை காலி அடுக்கு. எந்தப் பேஜ் காலி என்று எழுதி வைக்கத் தனிப் பதிவேடு கிடையாது. ஒவ்வொரு காலிப் பேஜுக்குள்ளேயே அடுத்த காலிப் பேஜின் முகவரி இருக்கும். காலிச் சிரட்டைக்குள் ‘அடுத்தது அங்கே’ என்று ஒரு சீட்டு போட்டு வைத்த மாதிரி. மகன் வரைந்த அம்புக்குறிகள் அவைதாம்.

எடுப்பதற்கு ‘கேஅல்லாக்’, திருப்பி வைப்பதற்கு ‘கேஃப்ரீ’. திருப்பி வைக்கும்போது பேஜ் முழுக்க 1 என்ற பைட்டை நிரப்புவார்கள், எடுக்கும்போது 5-ஐ நிரப்புவார்கள். காரணம் இருக்கிறது. திருப்பிக் கொடுத்த பிறகும் யாராவது பழைய முகவரியைப் பிடித்துக்கொண்டு அதைப் பயன்படுத்தினால், கோளாறு வரும்போது முகவரி 01 01 01 01 என்று வரிசையாகத் தெரியும். 05 05 05 05 என்று தெரிந்தால் வாங்கிய பேஜைத் துடைக்காமல் பயன்படுத்தியிருக்கிறான். ‘பானிக்’ என்பது இயந்திரம் தன் தப்பை மறைக்காமல் கத்தி நிற்பது. கத்தாமல் தப்பாகவே ஓடும் நிரல்தான் பயப்பட வேண்டியது.

இந்த ஒரு கோப்பு நூறு வரிக்குள்தான் இருக்கும். அதை மூன்று வருஷம் வளர்த்துக்கொண்டே போகலாம். அதையே பாதையாகச் சொல்கிறேன். படிப்பு: நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் ஒரு அரசு அல்லது அரசு உதவிபெறும் கல்லூரியில் பிஎஸ்சி கணினி அறிவியல். அதற்குப் பிறகு நிம்செட் (என்ஐடிகளின் எம்சிஏ நுழைவுத் தேர்வு) எழுதி திருச்சி போன்ற என்ஐடியில் எம்சிஏ. ரப்பர் உங்கள் கையில்.

முதல் வருஷம் பெரிதாக எதையும் எழுத வேண்டாம். காலிப் பேஜ் எத்தனை மீதி என்று எண்ணிச் சொல்லும் ஒரு ‘சிஸ்டம் கால்’ (புரோகிராம் கெர்னலிடம் வேலை கேட்கும் வழி) மட்டும் சேர்க்கட்டும். அதற்கே சுட்டிகள் (முகவரியைக் காட்டுபவை), பூட்டுகள் (ஒரே நேரத்தில் இருவர் கைவைக்காமல் தடுப்பவை), கெர்னலுக்குள் நுழையும் வழி எல்லாம் தெரிந்தாக வேண்டும். எண்ணும்போது பூட்டைப் பிடிக்க மறந்தால் எண் சில நேரம் மட்டும் தப்பாக வரும். ‘சில நேரம் மட்டும்’ என்ற வகைப் பிழையோடு பழகுவதுதான் இந்தத் துறையில் பாதிப் படிப்பு.

இரண்டாம் வருஷம் அடுக்கைப் பிரிக்கட்டும். மூலத்தில் எல்லா சிபியுவுக்கும் ஒரே அடுக்கு, ஒரே பூட்டு. ஒருவர் எடுக்கும்வரை மற்றவர்கள் காத்துக் கிடப்பார்கள். சிபியுவுக்கு ஒரு அடுக்கு, ஒரு பூட்டு என்று வைத்தால் நெரிசல் போகும். ஆனால் மூன்று இடத்தில் இடறும். தொடக்கத்தில் எல்லாப் பேஜையும் அடுக்குவது ஒரே சிபியு, ஆகவே மற்ற அடுக்குகள் காலியாகத்தான் பிறக்கும். பக்கத்து அடுக்கிலிருந்து எடுக்கும் வழியை எழுதியாக வேண்டும். அப்படி எடுக்கும்போது தன் பூட்டைப் பிடித்தபடியே அடுத்தவன் பூட்டுக்குக் காத்திருந்தால், அடுத்தவனும் அதையே செய்ய, இரண்டும் அசையாமல் நின்றுவிடும். மூன்றாவது, ‘நான் எந்த சிபியு’ என்று நிரல் கேட்பதற்கு முன் இன்டரப்டை (நடுவில் வரும் குறுக்கீட்டை) நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் கேட்டுவிட்டுத் திரும்புவதற்குள் அது வேறு சிபியுவுக்கு மாற்றப்பட்டிருக்கும்.

அதன் பிறகு, ‘எழுதும்போது மட்டும் நகல்’ என்ற உத்தி. ஒரு புரோகிராம் தன்னைப் போலவே இன்னொன்றைப் பிறப்பிக்கும்போது எக்ஸ்வி6 எல்லாப் பேஜையும் நகலெடுக்கிறது. அதை விட்டுவிட்டு இரண்டு பேரும் ஒரே பேஜைப் படிக்க மட்டும் உரிமையோடு பகிரட்டும். யாராவது எழுதப் போனால் அப்போது பிரித்துக் கொடுக்கலாம். இதற்கு ஒரு பேஜை எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணும் ஒரு பட்டியல் வேண்டும். கடைசி ஆளும் விட்ட பிறகுதான் அது காலி அடுக்குக்குப் போகலாம். இங்கே பெரும்பாலானவர்கள் விழும் குழி ‘காப்பிஅவுட்’. கெர்னலே புரோகிராமின் பேஜில் எழுதும் இடம் அது; அங்கே தடை தானாக விழாது. அங்கும் கையால் சரிபார்க்காவிட்டால் ஒருவருடைய எழுத்து மற்றவர் பேஜில் போய் விழும்.

மூன்றாம் வருஷம் ‘பட்டி’ (buddy) முறை. அதாவது ஜோடி ஜோடியாகப் பிரித்துச் சேர்க்கும் பங்கீடு. 1, 2, 4, 8, 16 என்று இரட்டிப்பு அளவுகளில் மட்டும் கொடுப்பது, திரும்பி வந்தால் ஜோடி காலியா என்று பார்த்து ஒட்டுவது. 9 பேஜ் கேட்டால் 16 போகும். 7 பேஜ், அதாவது 28 கேபி, வீண். இந்த வீணை அளந்து, எந்த நேரத்தில் இது ஏற்கத்தக்கது என்று இரண்டு பக்கம் எழுதத் தெரிந்தால் போதும். இதே முறைதான் லினக்ஸின் அடியிலும் ஓடுகிறது. ‘பட்டிஇன்ஃபோ’ என்ற கோப்பைத் திறந்தால் தன் லேப்டாப்பிலேயே அந்த எண்களைப் பார்ப்பான். எம்ஐடி தன் பயிற்சி விடைகளைப் பொதுவில் போட வேண்டாம் என்று மாணவர்களிடம் கேட்கிறது. ஆகவே நிரல்களைப் பொதுவில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் வைக்க வேண்டியது இந்த மூன்றாம் வருஷ வேலை, அவனே வடிவமைத்தது.

எது சரி என்று சொல்ல ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. கூடவே வரும் ‘யூசர்டெஸ்ட்ஸ்’ என்ற சோதனைத் தொகுப்பு முன்னும் பின்னும் காலிப் பேஜை எண்ணிப் பார்க்கும். ஒன்று குறைந்தாலும் தோற்றதாகச் சொல்லிவிடும்.

செலவு? கியூஎமு என்ற இலவச மென்பொருள் ஒரு முழு ரிஸ்க்-வி இயந்திரத்தை லேப்டாப்புக்குள் நடிக்க வைக்கும், அதற்கு 128 எம்பி போதும். பழைய 8 ஜிபி லேப்டாப்பில் உபுண்டு போட்டால் ஓடும். ஏஐ படிப்புக்கென்று விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் லேப்டாப் வாங்கச் சொல்கிறார்களே, அதுவும் வேண்டாம்.

வேலைக்கு எங்கே போவான் என்றால், இதே ரிஸ்க்-வி வகையில்தான் சென்னை ஐஐடி ‘சக்தி’ சிப்புகளையும், பக்கத்தில் திருவனந்தபுரத்தில் சி-டாக் நிறுவனம் ‘வேகா’ சிப்புகளையும் வடிவமைத்திருக்கின்றன. காருக்குள், மருத்துவக் கருவிக்குள், ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருளில் மெமரி கொஞ்சமாகத்தான் இருக்கும். அதைச் சிந்தாமல் பங்கிடத் தெரிந்தவர்கள் தேவை. இதில் ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். இஸ்ரோ விஞ்ஞானி/பொறியாளர் பதவி போல பிஇ, பிடெக் மட்டுமே கேட்கும் இடங்கள் பிஎஸ்சி வழியில் அடைபடும். அவனுக்கு அந்த ஆசை உண்டா என்று இப்போதே கேளுங்கள், மூன்று வருஷம் கழித்து அல்ல.

மகனிடமும் கண்டிப்பாகச் சொல்ல ஒன்று உண்டு. நிம்செட் எழுதப் பட்டப்படிப்பில் கணிதமோ புள்ளியியலோ ஒரு பாடமாக இருக்க வேண்டும், 60 சதவீதமும் வேண்டும். தேர்விலும் கணிதத்துக்குத்தான் எடை அதிகம். சேரும் முன் பாடத்திட்டத்தை வாங்கி, கணிதத் தாள் இருக்கிறதா என்று பாருங்கள். கெர்னலில் கெட்டிக்காரன் என்பதற்காகக் கணிதத்தை விட்டுவிட்டால் இந்த வழி முழுதும் முட்டுச்சந்து. ராத்திரி ஒரு மணியை பதினொன்றாக்கச் சொல்லும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

அண்ணன் அடுத்த முறை போன் போடும்போது படிப்பின் பெயரைப் பற்றிப் பேச்சைத் தொடங்காதீர்கள். 24.3 லட்சம், மாதம் 32,000, பத்து வருஷம். இதைச் சொல்லிவிட்டு, கடன் பத்திரத்தில் கூடக் கையெழுத்துப் போடுவாரா என்று கேளுங்கள்.

தம்பி, இது உனக்கு. இரண்டாம் பக்கத்தில் ‘பானிக்: கேஃப்ரீ’ என்று எழுதி இரண்டு தடவை அடிக்கோடு போட்டிருக்கிறாய். ‘பூட்டிங்’ என்ற வரிக்கு அடுத்த வரியிலேயே வருகிறது என்றும் குறித்திருக்கிறாய். ஒரு பேஜை வைத்திருப்பவர்களின் எண்ணிக்கை 1-க்குக் கீழே இருந்தால் பானிக் ஆகும்படி கேஃப்ரீயை மாற்றியிருக்கிறாய், சரிதான். ஆனால் தொடக்கத்தில் காலி அடுக்கைக் கட்டும் ‘ஃப்ரீரேஞ்ச்’ ஒவ்வொரு பேஜையும் கேஃப்ரீ வழியாகத்தான் அனுப்புகிறது, அப்போது உன் எண்ணிக்கை எல்லாம் 0. அந்தச் சுற்றுக்குள், கேஃப்ரீயை அழைக்கும் முன் எண்ணிக்கையை 1 ஆக்கிப் பார்.