கச்சேரி கேள்வி பதில்: வெளியூர்ப் பாடகர், சின்ன ஹால்

மார்கழிப் பட்டியல்கள் வெளிவரத் தொடங்கிவிட்டன. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன: வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்து, சின்ன ஹால்களில் பாடிவிட்டு ஊர் திரும்பும் கலைஞர்கள். என் மனதுக்கு மிகவும் நெருக்கமான விஷயம். அதனால் இந்த இதழில் இடம் முழுவதும் அதற்கே.

டிசம்பர் கடைசியில் மூன்று நாள் சென்னைக்கு வருகிறோம். பெரிய சபாக்களில் மாலைக் கச்சேரிக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. சின்ன ஹால் பட்டியலைப் பார்த்தால் ஒரு பெயரும் தெரிந்த பெயராக இல்லை. நம்பிப் போகலாமா?
– வாசகி, பாளையங்கோட்டை

தாராளமாகப் போங்கள். டிக்கெட் கிடைக்காததை ஒரு குறையாகவே நினைக்காதீர்கள். மியூசிக் அகாடமியின் பெரிய அரங்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள். பால்கனியில் பின்வரிசை கிடைத்தால் நீங்கள் கேட்பது ஸ்பீக்கரைத்தான். லஸ் பக்கத்து ராகசுதா ஹால், கிழக்கு மாட வீதி பாரதிய வித்யா பவனின் மினி ஹால் மாதிரி இடங்களில் பாடகர் மூச்சு எடுப்பதுகூடத் தெரியும்.

வீணைக் கச்சேரி என்றால் கேட்கவே வேண்டாம். நான் வீணை படித்தவள், கொஞ்சம் கூடுதலாகவே சொல்வேன். வலது கை ஒரே ஒரு முறை மீட்டும். அந்த ஒரு மீட்டு அடங்குவதற்குள் இடது கை விரல் தந்தியை மெட்டின் (தண்டில் குறுக்கே பதித்திருக்கும் கட்டை) மேல் பக்கவாட்டில் இழுத்து மூன்று, நான்கு ஸ்வரங்களை எடுத்துவிடும். கடைசி ஸ்வரம் வரும்போது நாதம் நூலாக இளைத்திருக்கும். பெரிய அரங்கில் அது ஏசி சத்தத்தில் கரைந்துபோகும். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தால் காதில் விழும். தோடி ராகத்தில் காந்தார ஸ்வரம் எப்படி அசைகிறது என்று எனக்குப் பிடிபட்டது அப்படி உட்கார்ந்து கேட்டபோதுதான்.

பெயர் தெரியவில்லை என்கிறீர்கள். அவர்கள் சென்னையில் குடியிருக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். மைசூர் என்றால் வீணை சேஷண்ணாவின் ஊர். விஜயநகரம் என்றால் துவாரம் வெங்கடசாமி நாயுடு வயலின் சொல்லிக்கொடுத்த ஊர். பாலக்காடு மிருதங்கத்தைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த ஊர்களிலெல்லாம் பரம்பரையாக, அமைதியாக வாசித்துக்கொண்டிருப்பவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை இங்கே வருகிறார்கள். பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் ஊர் போட்டிருந்தால் அங்கே ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளில் இரண்டு மதியங்களை இவர்களுக்குக் கொடுங்கள். மதியக் கச்சேரி பெரும்பாலும் ஒன்றரை மணி நேரம்தான், மாலை உங்களுக்கு மிச்சமிருக்கும்.

லஸ் பக்கம் மெட்ரோ வேலையால் ஆட்டோ சுற்றிச் சுற்றிப் போகும். பறக்கும் ரயிலில் திருமயிலையில் இறங்கி நடப்பதே நல்லது.

சின்ன ஹாலில் மைக் எதற்கு? காது வலியோடு வீடு திரும்புகிறேன்.
– ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், அரக்கோணம்

உங்கள் வலி எனக்கும் உண்டு. நம் மேடைக்கு மைக் வந்ததே 1930-களில்தான். அதற்கு முன் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் நாடகக் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி வெறும் குரலில் பாடியிருக்கிறார்கள். மைசூர் சௌடய்யா வயலினில் ஏழு தந்தி போட்டுக்கொண்டதும் கூட்டத்தின் கோடி வரை ஒலி போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான். மைக் வந்தபிறகு மெல்லிய சாரீரங்களுக்கும் மேடை கிடைத்தது. கீழ் ஸ்தாயியில் நின்று நிதானமாகப் பாட முடிந்தது. அந்த நன்றி எனக்கு மைக்கிடம் எப்போதும் உண்டு.

ஆனால் நூறு பேர் உட்காரும் அறையில் கடத்துக்குத் தனி மைக், கஞ்சிராவுக்குத் தனி மைக் என்று வைத்து, கல்யாண மண்டபத்து அளவுக்கு ஒலியை ஏற்றுவது கலைஞருக்குச் செய்யும் அநியாயம். போன சீசனில் ஒரு ஹாலில் பார்த்தேன். வெளியூரிலிருந்து வந்த பாடகி தன் குரல் தனக்கே கேட்கவில்லை என்று இரண்டு பாட்டு முழுக்கக் கையால் சைகை காட்டிக்கொண்டிருந்தார். ஒலி அமைப்பைப் பார்க்க வேண்டியவர் இடத்திலேயே இல்லை. தன் குரல் கேட்காதவர் கத்தத்தான் செய்வார். மூன்றாவது பாட்டில் தொண்டை கட்டிவிட்டது. ராத்திரி முழுக்க ரயிலில் வந்தவருக்கு இங்கே கிடைத்தது இது. எனக்கு அன்றைக்கு ஆறவே இல்லை.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. முதல் பாட்டு முடிந்ததும் எழுந்து போய், வாசலில் நிற்கும் அமைப்பாளரிடம் மெதுவாகச் சொல்லுங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து கத்தினால் மேடையில் இருப்பவர் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று பதறிப்போவார். கச்சேரி முடிந்தபிறகு நாலு வரி எழுதியும் கொடுங்கள். மைக் இல்லாத கச்சேரிகளை இப்போது சிலர் முனைந்து நடத்துகிறார்கள். ரசிகர்கள் கேட்டால் இன்னும் நடக்கும்.

வெளியூர்ப் பாடகருக்கு இங்கே உள்ளூர் வயலின், மிருதங்கம் போடுகிறார்கள். ஒத்திகை உண்டா? இல்லை என்றால் எப்படிச் சேர்ந்து வாசிக்கிறார்கள்?
– இசைக் கல்லூரி மாணவி, திருச்சி

பெரும்பாலும் ஒத்திகை கிடையாது. மேடைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில் ‘நமஸ்காரம்’ சொல்லிக்கொள்வதுதான் முதல் சந்திப்பாகவும் இருக்கும். இத்தனை வருஷம் பார்த்தும் எனக்கு அந்த ஆச்சரியம் தீரவில்லை.

முன்கூட்டிப் போனில் பேசிக்கொள்வது சுருதியை மட்டும்தான். அதன் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். ‘ஒன்றரை கட்டை’ என்றோ ‘ஐந்து கட்டை’ என்றோ தெரிந்தால் மிருதங்கக்காரர் எந்த வாத்தியத்தை எடுத்து வருவது என்று முடிவு செய்துவிடுவார். ஆண் குரல் என்றால் வழக்கமாகத் தக்கு (கீழ்ச் சுருதி மிருதங்கம்), பெண் குரல் என்றால் ஹெச்சு (மேல் சுருதி மிருதங்கம்). நீங்கள் அரை மணி முன்னதாகப் போனால் அவர் தயாராவதைப் பார்க்கலாம். வெள்ளை ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, இடது பக்கத் தொப்பியின் நடுவில் வட்டமாக அப்புவார். தட்டிப் பார்ப்பார். கொஞ்சம் கிள்ளி எடுப்பார், மறுபடி தட்டுவார். அடிநாதம் கனமாக இறங்கும் வரை இது நடக்கும். அப்புறம் வலது பக்கமான வலந்தலையின் விளிம்பைக் கல்லாலும் கட்டையாலும் சுற்றித் தட்டிச் சுருதியை நேராக்குவார். ஹாலில் ஏசி குளிர் ஏறினால் இரண்டாவது பாட்டுக்கு முன் இன்னொரு முறை தட்ட வேண்டி வரும். (இப்போது சிலர் ரவைக்குப் பதிலாகச் செயற்கைப் பசை வைக்கிறார்கள். எனக்கு ரவையின் நாதம்தான் பிடிக்கும்.)

மேடையில் எல்லாம் கண்ணாலும் கையாலும்தான். பாடகர் தொடையில் போடும் தாளம் மிருதங்கக்காரருக்குத் தெரிய வேண்டும். அபூர்வமான பாட்டு என்றால் பாடகர் திரும்பி, ராகத்தின் பெயரையும் எடுப்பு (தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம்) எங்கே என்பதையும் சன்னமாகச் சொல்வார். முன்வரிசையில் இருந்தால் உங்களுக்கும் கேட்கும். ஆலாபனையில் வயலின் நிழல் மாதிரி பின்னால் வரும். பாடகர் விட்டதும் அதே ராகத்தைத் தன் வழியில் விரிக்கும். வயலின்காரர் எடுத்த ஒரு பிடியைப் பாடகர் கேட்டு, தலையசைத்து, அடுத்த சங்கதியில் அதையே தானும் பாடினால், அன்றைய கச்சேரி களைகட்டிவிட்டது என்று அர்த்தம். மாணவி என்கிறீர்கள். நோட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, வயலின்காரர் பாடகரின் எதைக் கவனிக்கிறார் என்று மட்டும் ஒரு கச்சேரி முழுக்கப் பாருங்கள்.

தனி ஆவர்த்தனத்தின்போது காபிக்கு எழுந்து போகலாமா?
– வாசகர், நங்கநல்லூர்

போகாதீர்கள். தாள வாத்தியங்கள் மட்டும் தனித்து வாசிக்கும் பகுதி அது. நாற்பது பேர் இருக்கும் இடத்தில் ஆறு பேர் எழுந்தாலே மேடைக்குத் தெரியும். மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசித்து, அளவைக் குறைத்துக்கொண்டே வந்து, மோரா, கோர்வை என்னும் முடிவுச் சொற்கட்டுகளில் ஒன்றாகச் சேர்ந்து முடிக்கும் இடத்தை ஒரு தடவை கையில் தாளம் போட்டபடி கேட்டுவிட்டால், அப்புறம் நீங்களே எழுந்திருக்க மாட்டீர்கள். கேன்டீன் கச்சேரி முடிந்த பிறகும் திறந்துதான் இருக்கும்.

வடக்கிலிருந்து வந்த சிதார் கலைஞர் சுருதி சேர்க்கவே நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். பிறகும் ரொம்ப நேரம் தபலா வாசிக்கவே இல்லை. எங்களுக்குப் பொறுமை போய்விட்டது.
– தம்பதி, கோவை

உங்கள் ஊருக்கு அப்படி ஒருவர் வந்ததே நல்ல விஷயம். சிதாரில் வாசிக்கும் தந்திகளுக்கு அடியில், மெட்டுகளுக்குக் கீழே, பத்துக்கும் மேற்பட்ட மெல்லிய தந்திகள் ஓடுகின்றன. தரப் என்பார்கள். அவற்றை அன்று வாசிக்கப்போகும் ராகத்தின் ஸ்வரங்களுக்கு ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். அப்போதுதான் மேலே ஒரு ஸ்வரம் பேசும்போது கீழே அதற்குரிய தந்தி தானாக அதிரும். நீங்கள் கேட்ட அந்த ரீங்காரம் அங்கிருந்துதான் வந்தது. ராகம் மாறினால் மறுபடி சேர்க்க வேண்டும். விமானத்திலோ ரயிலிலோ வந்த வாத்தியம், புது ஊரின் ஈரக்காற்று, ஏசி என்று எல்லாம் சேர்ந்தால் தந்தி நகரத்தான் செய்யும்.

தபலா தாமதமாக வருவது அங்கே மரபு. முதலில் ஆலாப், தாளமே கிடையாது. பிறகு ஜோட், அதில் ஒரு நடை பிறக்கும். ஜாலாவில் வேகம் பிடிக்கும். அதற்கப்புறம் தாளத்தில் அமைந்த கத் தொடங்கும்போதுதான் தபலா. அடுத்த முறை ஆலாபில் அவர் மேல் ஷட்ஜத்தை எப்போது தொடுகிறார் என்று மட்டும் காத்திருந்து பாருங்கள். நேரம் போவதே தெரியாது.

செல்போனில் பதிவு செய்யலாமா?
– கல்லூரி மாணவர், சேலம்

கேட்காமல் செய்யாதீர்கள். சின்ன ஹாலில்தான் கலைஞர்கள் புதிதாக ஒன்றைத் துணிந்து முயற்சி செய்வார்கள். அதிலிருந்து அரை நிமிடத்தை வெட்டி ஊருக்கெல்லாம் அனுப்பினால் அடுத்த முறை அந்தத் துணிச்சல் வராது.

டிசம்பரில் வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து மேடையைப் பிடித்துக்கொள்கிறார்கள். பணம் கொடுத்து வாய்ப்பு வாங்குகிறார்கள் என்றும் பேச்சு. அவர்களுக்கு நம் சங்கீதம் என்ன தெரியும்?
– வாசகர், ஆதம்பாக்கம்

இதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. மேடைக்குப் பணம் வாங்குவது யார் செய்தாலும் தப்பு. அதை வாங்குகிறவரிடம்தான் முதலில் கேட்க வேண்டும், பதினாறு வயதுப் பிள்ளையிடம் இல்லை.

‘என்ன தெரியும்’ என்ற கேள்விக்குப் பதிலைக் காதிடம் விடுங்கள். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டி. ரங்கநாதனிடம் படித்துவிட்டு, இங்கே வந்து அவருடைய சகோதரர் டி. விஸ்வநாதனிடம் பாட்டு கற்ற அமெரிக்கர் ஜான் ஹிக்கின்ஸ், 1960-களில் திருவையாறு ஆராதனையில் பாடினார். கேட்டவர்கள் அவரைப் பாகவதர் என்றே அழைத்தார்கள். அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் 1978-ல் தொடங்கிய தியாகராஜ ஆராதனை இன்றும் நடக்கிறது. அங்கே பனிக்காலத்தில், பள்ளிக்கூடம் முடிந்து வந்து, இந்தியாவில் பொழுது விடியும் நேரத்துக்குக் காத்திருந்து கணினித் திரை வழியாகப் பாடம் கேட்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். நாலு நிமிடம் விளம்ப காலத்தில் (நிதானமான வேகத்தில்) சுருதி விலகாமல் நிற்கிறார்களா, ஸாஹித்யம் (பாட்டின் சொற்கள்) திருத்தமாக இருக்கிறதா, இதை வைத்து எடை போடுங்கள். சரியாக இல்லையென்றால் சரியில்லை என்றே சொல்லுங்கள். நன்றாக இருந்தால் முடிந்ததும் மேடை அருகில் போய் அதையும் சொல்லுங்கள். தாத்தா பாட்டியைத் தவிர வேறு யாரும் அவர்களிடம் போய்ப் பேசாமல் கலைந்து போவதைப் பார்க்கும்போது மனது கஷ்டப்படுகிறது.

பல கச்சேரிகளுக்கு நுழைவு இலவசம். அப்படியானால் கலைஞருக்கு என்ன கிடைக்கும்? நாங்கள் ஏதாவது செய்ய முடியுமா?
– இல்லத்தரசி, மதுரை

ரொம்பக் கொஞ்சம்தான் கிடைக்கும். பயணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் போக, வெளியூரிலிருந்து வரும் இளம் கலைஞர் பல சமயம் கைப்பணம் போட்டுத்தான் பாடிவிட்டுப் போகிறார். ஒரே கச்சேரிக்காக அவ்வளவு தூரம் வருவது கட்டுப்படியாகாது. வழியில் இன்னும் இரண்டு ஊரில் பாட முடிந்தால்தான் அந்தப் பயணத்துக்கே அர்த்தம். அந்த இரண்டில் ஒன்று மதுரையாக ஏன் இருக்கக் கூடாது?

உங்கள் வீட்டுக் கூடத்தில் முப்பது பேர் உட்கார முடிந்தால் போதும். தெரிந்தவர்களிடம் ஆளுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், கடைசி நேரத்தில் தட்டு ஏந்த வேண்டாம். தொகையை அழைக்கும்போதே கலைஞரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பக்கவாத்தியக்காரர்களுக்கும் தனித்தனியாகப் பேசி, கவரில் பெயர் எழுதிக் கொடுங்கள். மேடை தேவையில்லை, ஒரு ஜமுக்காளம் போதும். மைக்கும் வேண்டாம். ஃபிரிட்ஜை இரண்டு மணி நேரம் அணைத்து வையுங்கள், அதன் முனகல் சுருதியோடு மோதும். குக்கர் விசில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்தரை என்று சொன்னால் ஐந்தரைக்குத் தொடங்குங்கள், அவர்களுக்குப் பிடிக்க வேண்டிய ரயில் இருக்கும்.

பாடுகிறவர்கள் கச்சேரிக்கு முன் வயிறு நிறையச் சாப்பிட மாட்டார்கள். வெந்நீர் ஃபிளாஸ்க் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். முடிந்ததும் நாலு பேருக்கும் சூடாக இட்லி இருக்கட்டும். ரயிலுக்கு நேரமாகிவிட்டால் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடலாம்.