ஓர் ‘எஸ்’ குறைந்த நோட்டீஸ்

கேள்வி: வீட்டு உரிமையாளருக்கு ஆங்கிலத்தில் நோட்டீஸ் எழுதினேன். ‘ஹிஸ் மாலா ஃபைடி இஸ் கிளியர்’ என்ற வரியை வக்கீல் சிவப்பு மையால் அடித்துவிட்டார். என்ன தவறு?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஓர் ‘எஸ்’ குறைகிறது, ஐயா. லத்தீனில் ‘மாலா ஃபைடீஸ்’ பெயர்ச்சொல்: கெட்ட எண்ணம். ‘மாலா ஃபைடி’ என்றால் ‘கெட்ட எண்ணத்தோடு’, தனியே நிற்காது. ‘மாலா ஃபைடி ஆக்‌ஷன்’ என்றால் சரி. நீதிமன்ற வாசலில் முப்பது ஆண்டு தட்டச்சு செய்தவன் நான். ‘மாலா’, ‘ஃபைடி’ இரண்டையும் ஒரே சொல்லாக ஒட்டி அடித்துவிட்டு எத்தனை முத்திரைத்தாளைப் பாழாக்கியிருக்கிறேன்! நம் மனுக்களில் புழங்கும் ‘மாலா ஃபைடி இன்டென்ஷன்’ இலக்கணப் பிழையல்ல, எனக்குத்தான் பிடிக்காது. ‘இன் பேட் ஃபெயித்’ என்றே எழுதுங்கள். உரிமையாளருக்கும் புரியும்.