மூன்று வரி நன்றி

அன்புள்ள சார்,

வணக்கம். உங்கள் கட்டுரைகளை ஆறேழு வருடங்களாகப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

எனக்கு வயது 34. வேலை, குடும்பம், உடம்பு எதிலும் குறை சொல்ல முடியாது. நன்றாகத் தூங்குகிறேன், நன்றாகச் சாப்பிடுகிறேன். ஆனால் சந்தோஷமாக இருக்கிறாயா என்று யாராவது கேட்டால் பதில் வருவதில்லை. இரண்டு வருடம் முன்பு ஒரு நண்பர் சொல்லி 'நன்றி நோட்டு' எழுத ஆரம்பித்தேன். தினமும் படுக்கும் முன் மூன்று வரி. ஒருநாள்கூட விட்டதில்லை. அதற்குக் கீழே அன்றைய சந்தோஷத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்றும் போடுவேன். ஆறைத் தாண்டுவதில்லை. வாசிப்பும் இப்படித்தான். வாரம் ஒரு புத்தகம் என்று இலக்கு வைத்துப் போன வருடம் 52 முடித்தேன். பட்டியலில் டிக் அடிக்கும்போது ஒரு நிமிஷம் நன்றாக இருக்கும். அவ்வளவுதான்.

போன வாரம் நோட்டைப் புரட்டினேன். முக்கால்வாசி நாள் 'குடும்பம், ஆரோக்கியம், அண்ணன்' என்றே இருக்கிறது. அண்ணனைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்பா இறந்தபோது எனக்கு 11 வயது, அவருக்கு 19. கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு வேலைக்குப் போனார். என்னைப் படிக்கவைத்தது அவர்தான். ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. ஆனாலும் அவர் எதிரில் உட்கார்ந்தால் கடன்காரன் மாதிரி இருக்கிறது. மாதாமாதம் பணம் அனுப்புகிறேன். போனில் இரண்டு நிமிஷத்துக்கு மேல் பேச்சு ஓடுவதில்லை.

நான் நன்றி கெட்டவனா சார்? அல்லது நன்றி, வாசிப்பு என்று சொல்வதெல்லாம் சும்மாவா? வருடத்துக்கு எத்தனை புத்தகம் படித்தால் போதும்?

ச.

*

அன்புள்ள ச.,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை உங்கள் கேள்விகளுக்காக. அடுத்த முறை அண்ணனுக்காக. மூன்றாவது முறை, இதில் எது எழுதப்படவில்லை என்று பார்ப்பதற்காக. ஒன்று அகப்பட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நன்றி கெட்டவர்கள் உட்கார்ந்து யோசித்து இப்படிக் கடிதம் எழுதமாட்டார்கள். அந்தக் கேள்வியை விட்டுவிடுவோம். தூக்கமும் சாப்பாடும் சரியாக இருப்பதாகச் சொல்லியிருப்பதால்தான் பதில் எழுதத் துணிகிறேன். அவை கெட்டு, வாரக்கணக்கில் எதிலும் மனம் ஒட்டாமல் போனால் எழுத்தாளனிடம் வரக்கூடாது, மருத்துவரிடம் போகவேண்டும்.

இனி நோட்டு. குடும்பம், ஆரோக்கியம், அண்ணன். மூன்றும் தலைப்புகள். தேர்வில் தலைப்பை மட்டும் எழுதிவைத்துவிட்டு எழுந்து வந்தவர் நீங்கள். பத்துக்கு ஆறு மார்க் வந்ததே அதிகம்.

இந்த நோட்டுப் பழக்கம் உளவியலாளர்களிடமிருந்து வந்தது. ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பிரிவினர் நன்றிக்குரிய விஷயங்களையும் இன்னொரு பிரிவினர் அன்றாட எரிச்சல்களையும் எழுதினார்கள். அதில் முக்கியமான சோதனை ஒன்றில் எழுதியது வாரம் ஒருமுறைதான். நன்றியை எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நல்லவிதமாகச் சொன்னார்கள். நீங்கள் எழுதும் 'தினமும் மூன்று' 2005ல் வந்த மார்ட்டின் செலிக்மன் குழுவினரின் சோதனை. ஒரு வாரம், ஒவ்வோர் இரவும் நல்லதாக நடந்த மூன்று விஷயங்கள். அதன் பலன் ஆறு மாதம்வரை தெரிந்தது என்கிறார்கள். ஆனால் அந்தப் பயிற்சியில் ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது ஏன் நடந்தது என்றும் எழுதவேண்டும். பயிற்சி வாய்வழியாகப் பரவியபோது மூன்று என்ற எண் தங்கிவிட்டது, 'ஏன்' உதிர்ந்துவிட்டது. எண்ணுவது சுலபம் அல்லவா? அதே வருடம் சோனியா லுபோமிர்ஸ்கி குழுவினர் பார்த்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு ஒருமுறை எழுதியவர்களுக்குப் பலன் இருந்தது, மூன்று முறை எழுதியவர்களுக்கு இல்லை. நீங்கள் இரண்டு வருடமாகத் தினமும் எழுதியிருக்கிறீர்கள். கை எழுதியிருக்கிறது, மனம் முன்னாலேயே தூங்கப் போயிருக்கிறது.

எனக்கு ஆய்வுகள்மேல் பெரிய மயக்கம் கிடையாது. 'ஏன்' என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். நம் மொழியில் அது முன்பே இருக்கிறது. குறளில் அந்த அதிகாரத்தின் பெயரைப் பாருங்கள். செய்ந்நன்றி அறிதல். அங்கே நன்றி என்றால் 'தேங்க்ஸ்' இல்லை, ஒருவர் செய்த நன்மை. அதை அறியவேண்டும். பத்துக் குறளிலும் நன்றி 'சொல்' என்று ஓரிடத்திலும் கிடையாது. மறவாதே, துறவாதே என்கிறார், உள்ளுவர் என்கிறார், எடைபோட்டுப் பார்ப்பதைத் 'தூக்கின்' என்கிறார். எல்லாமே மனம் செய்யும் வேலைகள். நாம் அந்தச் சொல்லை வாயின் வேலையாக ஆக்கி, பிறகு மேடையில் கடைசியாகப் பேசும் நன்றியுரையாகச் சுருக்கி வைத்திருக்கிறோம்.

அந்தப் பத்தில் நான் அடிக்கடி திரும்பிப் போவது 105ஆம் குறளுக்கு. 'உதவி வரைத்தன்று உதவி உதவி செயப்பட்டார் சால்பின் வரைத்து.' உதவியின் அளவு உதவியில் இல்லை, பெற்றவனின் தகுதியில் இருக்கிறது. பள்ளியில் இதைப் படித்தபோது பெற்றுக்கொண்டவனுக்கான அறிவுரையாகத்தான் தெரிந்தது. இப்போது எனக்கு இது வாசிப்பைப் பற்றிய குறளாகவும் தெரிகிறது. புத்தகத்தின் அளவும் புத்தகத்தில் இல்லையே.

சொந்தக் கதை ஒன்று. இருபது வயதில், என்னைவிட மிகவும் மூத்தவர் ஒருவர் ஒரு நாவலைப் படிக்கக் கொடுத்தார். ஓரங்களில் பென்சிலால் சின்னச் சின்னக் குறிப்புகள், கடினமான இடங்களில் ஒரு கோடு, ஒரு சொல்லுக்குப் பொருள். படித்தேன், திருப்பிக் கொடுத்தேன், நன்றி என்றேன். பதினைந்து வருடம் கழித்து அதே நாவலைக் கடையில் வாங்கிப் படிக்கும்போது இரண்டு இடங்களில் தடுக்கியது. முதல் வாசிப்பில் இங்கே தடுக்கவில்லையே என்று யோசித்தபோதுதான் உறைத்தது. அவர் அந்தக் குறிப்புகளைத் தனக்காகப் போடவில்லை. இந்தப் பையன் எங்கே தடுமாறுவான் என்று யோசித்து, எனக்காக இன்னொரு முறை முழுக்கப் படித்துக் குறித்துக் கொடுத்திருக்கிறார். அவர் அப்போது உயிருடன் இல்லை. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வருத்தம்தான், ஆனால் வருத்தம் மட்டும் இல்லை. பத்துக்கு எத்தனை என்று அன்று என்னைக் கேட்டிருந்தால் அடித்திருப்பேன்.

நன்றியைத் தலைப்பாக எழுதாமல் கட்டுரையாக எழுதியவர் ஒருவர் உண்டு, ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ். 161 முதல் 180 வரை ஆண்டவர். தனக்காக எழுதிவைத்த குறிப்புகளின் முதல் பகுதி முழுக்க யாரிடமிருந்து எதைப் பெற்றோம் என்ற கணக்கு. மொத்தம் 17 பத்திகள். தாத்தாவில் தொடங்கிக் கடவுளர்களில் முடிகிறது. ஒருவரிடம், தேவையில்லாமல் 'எனக்கு நேரமில்லை' என்று சொல்லாதிருக்கக் கற்றேன் என்கிறார். ஒரு சக்கரவர்த்தி இதை எழுதியிருக்கிறார்! ருஸ்டிகஸ் என்ற ஆசிரியரைப் பற்றிய பத்தியில் இரண்டு விஷயம் வரும். மேலோட்டமாகப் புரிந்ததோடு திருப்திப்படாமல் கவனமாக வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். எபிக்டெட்டஸ் என்ற தத்துவவாதியின் உரைகளைத் தன் சொந்தப் பிரதியிலிருந்து தந்தார். எபிக்டெட்டஸ் அடிமையாக இருந்தவர். அடிமையாக இருந்தவரின் சொற்களைப் படிக்கக் கொடுத்ததற்காக ஓர் அரசர் தன் ஆசிரியரை நினைத்துக்கொள்கிறார். உங்கள் நோட்டுப்படி எழுதியிருந்தால் 'தாத்தா, அம்மா, வாத்தியார்' என்று முடித்துப் படுத்திருப்பார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போகக்கூடாது. 'இருப்பதை நினைத்து நன்றியோடு இரு' என்பது நியாயம் கேட்பவன் வாயை அடைக்கவும் பயன்படுகிறது. கூலி கேட்பவனுக்கு நன்றியுணர்ச்சி வகுப்பு எடுப்பவர்களை எனக்குப் பிடிக்காது. அது வேறு, நாம் பேசுவது வேறு.

சந்தோஷத்துக்கு மார்க் போடும் பழக்கத்துக்கு வருகிறேன். ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற ஆங்கிலத் தத்துவவாதிக்கு 1826ல் 20 வயது. சிறுவயதிலிருந்தே மலைமலையாகப் படித்தவர், உங்களுடைய 52 எல்லாம் அவருக்கு ஒரு மூலைக்குக் காணாது. அந்த இலையுதிர்காலத்தில் தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார். நான் ஆசைப்படும் மாற்றங்கள் எல்லாம் இந்த நிமிஷமே நடந்துவிட்டால் எனக்குச் சந்தோஷம் வருமா? வராது என்று உள்ளிருந்து பதில் வந்தது. அதோடு எல்லாம் கவிழ்ந்துவிட்டது. அதுவரை பிடித்த புத்தகங்கள்கூட ருசிக்கவில்லை. மாதக்கணக்கில் அப்படிக் கிடந்தார். அதிலிருந்து மீண்டபிறகு அவர் வந்துசேர்ந்த முடிவுகளில் ஒன்று உங்களுக்கானது. சந்தோஷமாக இருக்கிறோமா என்று கேட்கத் தொடங்கினால் அது நின்றுவிடும். வேறொன்றில் கண்ணாக இருப்பவனுக்கு வழியில் கிடைப்பது அது.

எப்படி மீண்டார் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். தற்செயலாக மார்மொன்டேல் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் நினைவுக்குறிப்புகளைப் படித்துக்கொண்டிருந்தார். அதில் ஓர் இடம். அப்பா இறந்துபோகிறார். வீடே நிலைகுலைந்து கிடக்கிறது. சின்னப்பையனான மார்மொன்டேலுக்குச் சட்டென்று ஒன்று தோன்றுகிறது. இனி இவர்கள் இழந்த எல்லாமாகவும் நான் இருப்பேன். அதை அவர்களையும் உணரவைக்கிறான். படித்துக்கொண்டிருந்த மில்லின் கண்ணில் நீர் வந்துவிட்டது. தனக்குள் எல்லாம் செத்துப்போகவில்லை என்று அந்தக் கண்ணீரில்தான் அவருக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து பாரம் குறைந்தது என்று தன் வரலாற்றில் எழுதுகிறார்.

ச., அந்தப் பையனை மில் ஒரு பக்கத்தில்தான் பார்த்தார். நீங்கள் அவனோடு ஒரே வீட்டில் வளர்ந்திருக்கிறீர்கள்.

போன வருடம் படித்த 52 புத்தகங்களில் எத்தனையோ பேருடைய தியாகத்தை நுணுக்கமாகப் படித்திருப்பீர்கள். அந்தப் பாத்திரம் ஏன் அப்படிச் செய்தது என்று நண்பர்களிடம் விவாதித்திருப்பீர்கள். அண்ணன் மட்டும் நோட்டில் ஒற்றைச் சொல்லாக நிற்கிறார். காரணம் எனக்குப் புரிகிறது. கடன் என்ற சொல்தான். நன்றிக்கடன் என்று இரண்டையும் ஒட்டவைத்து வைத்திருக்கிறோம். கடன் என்றதும் மனம் தொகையைப் பார்க்கும், தொகையைப் பார்த்ததும் முகத்தைப் பார்க்காது. கடன் கொடுத்தவர் எதிரே வந்தால் தெருவின் அந்தப் பக்கம் போகத் தோன்றும். பணம் அனுப்புவதை நிறுத்தச் சொல்லவில்லை. அது தேவையாக இருக்கலாம், முறையும்கூட. ஆனால் 19 வயதில் கல்லூரியை விட்டவருக்கு எந்தத் தொகையாலும் அந்த 19 வயதைத் திருப்பித் தர முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அடைக்க முடியாததை அடைக்கப் பார்ப்பதால்தான் போன் இரண்டு நிமிஷத்தில் முடிகிறது.

நோட்டைத் தூக்கி எறியவேண்டாம். தினமும் எழுதுவதை நிறுத்திவிட்டு வாரம் ஒருநாள் ஒன்றே ஒன்று எழுதுங்கள், ஒரு பக்கத்துக்குக் குறையாமல். யார், எப்போது, என்ன செய்தார், அதைச் செய்யாமலும் இருந்திருக்கலாமே, ஏன் செய்தார். மார்க் வேண்டாம். புத்தகத்தையும் அப்படியே படியுங்கள். நானும் ஒரு காலத்தில் பட்டியல் போட்டவன்தான். ஒரு டிசம்பரில் அந்தப் பட்டியலில் ஒரு பெயரைப் பார்த்து, அதில் வரும் ஒரு மனிதர்கூட நினைவுக்கு வராமல் திகைத்தேன். டிக் மட்டும் அழகாக இருந்தது. வருடத்துக்கு எத்தனை என்ற உங்கள் கேள்விக்கு என்னிடம் எண் கிடையாது. ஒரு புத்தகம் முடிந்ததும் அடுத்ததை உடனே எடுக்க மனம் வராவிட்டால், அன்று நன்றாக வாசித்திருக்கிறீர்கள்.

செலிக்மன் குழுவினரின் அதே ஆய்வில் இன்னொரு பயிற்சியும் இருந்தது. நமக்கு நல்லது செய்து, நாம் சரியாக நன்றி சொல்லாமல் விட்ட ஒருவருக்குக் கடிதம் எழுதி நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது. உடனடி மகிழ்ச்சியில் அதுதான் முதலில் நின்றது. ஒரு மாதத்துக்குப்பின் மெல்ல மங்கியதையும் அவர்களே சொல்கிறார்கள். நீங்கள் அதை இப்போதே செய்யவேண்டாம். எழுதுவதற்கு உங்களிடம் போதுமான விஷயம் இல்லை. கடிதத்தின் மூன்றாவது வாசிப்பில் எனக்கு அகப்பட்டது அதுதான். அண்ணன் படிப்பைப் பாதியில் விட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த வயதில், யாருக்காக என்றெல்லாம் இருக்கிறது. அவர் என்ன படித்துக்கொண்டிருந்தார் என்று இல்லை. மறந்து விட்டுவிட்டீர்களா, உங்களுக்கே தெரியாதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

இந்த மாதம் பணம் அனுப்பிவிட்டுப் பேசும்போது கேட்டுப்பாருங்கள். எந்தப் பாடம், அதில் எது பிடித்திருந்தது, அந்தப் புத்தகங்களை என்ன செய்தார். நீங்கள் பேசவேண்டாம், அவர் சொல்லட்டும். முடிந்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். நானும் இரண்டு நாளாக அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்